பயிர் நோயும் உற்பத்தி முறையும்: தாவரப் பற்றீரிய நோய்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பயிருக்கு வரும் நோயை இயற்கையின் செயல் என்று கூறி அமைவது எளிது. மழை பொய்த்தது, வெள்ளம் வந்தது, பயிர் அழிந்தது என்னும் வரிசையில் நோயும் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஆயின் வேளாண்மையின் வரலாற்றைச் சற்று ஆழ்ந்து நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலனாகும். நோயை விளைவிக்கும் நுண்ணங்கி இயற்கையில் தோன்றியதே. அது கொள்ளைநோயாகப் பெருகும் களமோ மனிதரால் அமைக்கப்பட்டது. எப்பயிரை எவ்வளவு நிலத்தில் நடுவது, எத்துணை ஒரே தன்மையினதாக நடுவது, நடுகைப் பொருள் எந்நாட்டிலிருந்து எந்நாட்டுக்குச் செல்வது என்பவற்றைத் தீர்மானிப்பவை சந்தையும் சொத்துரிமையும் அரசுமே. நோய் வந்தபின் இழப்பை யார் சுமப்பது என்ற வினாவுக்கும் அவையே விடை வகுக்கின்றன.

இலங்கை வாசகர்க்கு இவ்வுண்மை புதியதன்று. 1869ஆம் ஆண்டில் இத்தீவின் கோப்பித் தோட்டங்களில் இனங்காணப்பட்ட இலைத்துரு நோய் இரு தசாப்தங்களுக்குள் அத்தொழிலையே வீழ்த்தியது. 1880 முதல் 1882 வரை இங்கு ஆய்வு செய்த மார்சல் வார்ட் என்னும் தாவரவியலாளர், மலைச்சரிவுகளை இடையீடின்றி ஒரே பயிரால் மூடிய முறையே நோயின் பரவலுக்கு வாய்ப்பளித்தது என்பதை உணர்ந்திருந்தார். கோப்பியின் பகைவன் ஒரு பங்கசு ஆகும். இக்கட்டுரை ஆராய்வது பங்கசு நோய்களை அன்று. அவற்றினும் பிந்தியே அறியப்பட்ட பற்றீரிய நோய்களையே. பேரி, தோடை, நெல் ஆகியவற்றைச் சுருக்கமாகவும், அண்மைக்காலத்தில் பெரும் அழிவுக்குட்பட்ட கிவிப்பழப் பயிரைச் சற்று விரிவாகவும் நோக்குவது இதன் நோக்கமாகும்.

ஏற்க மறுக்கப்பட்ட உண்மை

பற்றீரியா தாவரங்களில் நோயை உண்டாக்கும் என்பது இன்று பாடசாலை மாணவரும் அறிந்த செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலோ அது கடும் விவாதத்துக்குரிய கூற்றாக இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பேரி, அப்பிள் மரங்கள் அங்கு ஒரு விசித்திரமான நோய்க்குட்பட்டன. பூக்களும் இளங்கிளைகளும் தீயிற் கருகியனபோன்று கறுத்து மடிந்தமையால் அது தீக்கருகல் எனப் பெயர்பெற்றது. ஹட்சன் ஆற்றுப் பகுதியின் பழத்தோட்டங்களில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்நோய் அவதானிக்கப்பட்டது. அதன் காரணம் குறித்து மின்னல், உறைபனி, மண்ணின் குறைபாடு எனப் பலவாறு ஊகிக்கப்பட்டது.

இலினோய் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்த தோமஸ் பரில் என்பவர் 1880ஆம் ஆண்டையொட்டி, கருகிய கிளைகளிலிருந்து கசியும் பாயத்தில் பற்றீரியா செறிந்திருத்தலை நுணுக்குக்காட்டியின் துணையுடன் கண்டார். அப்பாயத்தை நலமுள்ள மரத்தில் ஏற்றி நோயை உண்டாக்கியும் காட்டினார். 1885இல் ஜோசப் ஆதர் என்பார் வளர்ப்பூடகத்தில் தனிப்படுத்திய பற்றீரியாவைக் கொண்டு பரிசோதனைகளை நடத்தி இம்முடிவை உறுதிசெய்தார். 1891இல் மேட்டன் வெயிற், தேனீக்கள் பூவிலிருந்து பூவுக்கு இந்நோயைக் கடத்துவதை நிறுவினார். இதற்கிடையில் 1883ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தைச் சேர்ந்த வாக்கர், வியாபாரப் பெறுமதி மிக்க பூஞ்செடியொன்றின் மஞ்சள் நோய்க்கும் பற்றீரியாவே காரணம் எனக் காட்டியிருந்தார்.

இத்தனை சான்றுகள் இருந்தும் ஜெர்மானிய அறிவுலகம் இதனை ஏற்கவில்லை. தாவரக் கலங்கள் செலுலோசுச் சுவரால் மூடப்பட்டவை. அவற்றினுட் பற்றீரியா நுழைதல் இயலாது. நோயுற்ற பாகத்திற் காணப்படும் பற்றீரியா இறந்த இழையத்தில் பின்னர் குடியேறியதே என்பது அவர்தம் வாதம். லைப்சிக் நகரப் பேராசிரியர் அல்பிரட் பிஷர் 1897இல் வெளியிட்ட நூலில் இவ்வாதத்தை ஐயத்துக்கிடமின்றிக் கூறினார். ஐக்கிய அமெரிக்காவின் விவசாயத் திணைக்களத்தில் பணிபுரிந்த எர்வின் சிமித் இதற்கு மறுப்பெழுதினார். 1896இல் தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி ஆகியவற்றின் வாடல் நோய்க்குரிய பற்றீரியாவை விவரித்தவர் அவரே. 1899 முதல் 1901 வரை ஜெர்மானிய ஆய்விதழொன்றில் இருவருக்குமிடையே நடந்த வாதம், தாவர நோயியல் வரலாற்றில் மிகக் கடுமையானதொன்றாகும். கலங்களுக்கிடையிலும் காழ்க்கலன்களுள்ளும் பற்றீரியா நிறைந்திருப்பதைக் காட்டும் நுணுக்குப் படங்களைச் சிமித் ஒன்றன்பின் ஒன்றாக முன்வைத்தார். முடிவில் அவர் வாதமே நிலைத்தது.

இவ்விவாதத்தைத் தனிமனிதர் இருவரின் மோதலாக மட்டும் காண்பது போதாது. தீக்கருகல் அக்காலத்தில் ஐரோப்பாவிலேயே இல்லை. 1957இல்தான் அது இங்கிலாந்திற் கண்டறியப்பட்டது. தம் நாட்டுத் தோட்டங்களிற் காணாத நோயை, அமெரிக்க விவசாயியின் தேவைக்காக உழைத்த ஆய்வாளர் கூறக் கேட்டு ஏற்பதற்கு ஐரோப்பியப் பேராசிரியர் தயங்கினர். புதிய அறிவு, உற்பத்தியின் நெருக்கடி நேர்ந்த இடத்திலேயே பிறந்தது. அறிவின் மையம் எனத் தன்னைக் கருதிய இடம் அதனை இறுதியிலேயே ஏற்றுக்கொண்டது.

தீயிட்டு அழித்தல்

காரணம் அறியப்பட்டபோதும் மருந்து அறியப்படவில்லை. எனவே அரசுகள் கைக்கொண்ட முதற் கருவி தீயே ஆயிற்று. 1910ஆம் ஆண்டையொட்டி யப்பானிலிருந்து பெறப்பட்ட நாற்றுகளுடன் தோடைச் சொறிநோய் புளோரிடா மாநிலத்துள் நுழைந்தது. முதலில் அது பங்கசு நோய் என்றே எண்ணப்பட்டது. அது பற்றீரியாவால் விளைவது என்று 1915இல் நிறுவியவர் சிமித்தின் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கிளாரா ஹாசே என்ற பெண்மணி. பெண்கள் ஆய்வாளராகப் பணிபெறுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், சிமித்தின் ஆய்வுகூடம் அவர்களிற் பலருக்கு இடமளித்தமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. நாற்றுமேடைகளிலும் தோட்டங்களிலும் இலட்சக்கணக்கான மரங்கள் எரிக்கப்பட்டன. 1933இல் நோய் முற்றாக ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது.

இவ்வெற்றியின் நினைவே பிற்கால அரசுக்கு வழிகாட்டியாயிற்று. 1995இல் மயாமி நகர்ப்புறத்தில் நோய் மீண்டும் கண்டறியப்பட்டது. இம்முறை நோயுற்ற மரத்தைச் சுற்றி 1,900 அடி தூரத்துள் நின்ற தோடையினங்கள் யாவும், நோயின் அறிகுறி இல்லாதவையும் உட்பட, வெட்டப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. வணிகத் தோட்டங்களைக் காக்கும் பொருட்டு நகரத்து எளிய மக்களின் வீட்டுமுற்றத்து மரங்கள் பெருந்தொகையில் வெட்டப்பட்டன. 2004, 2005ஆம் ஆண்டுகளின் சூறாவளிகள் நோயை மாநிலமெங்கும் விசிறியபின், 2006 சனவரியில் ஒழிப்புத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் ஒரு கோடி அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள் அழிக்கப்பட்டிருந்தன. வீட்டுக்காரர் நீதிமன்றம் சென்றனர். இழப்பீடு வழங்குமாறு தீர்ப்புகள் கிடைத்த பின்னரும் பணம் கைக்கு வர ஆண்டுகள் பல சென்றன. ஒரு தொழிலின் காப்புக்குரிய செலவை அத்தொழிலில் எப்பங்குமில்லாதோர் தலையில் ஏற்றுவது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நெல்லின் அனுபவம்

பசுமைப் புரட்சி எனப்பட்டதன் வரலாற்றிலும் பற்றீரிய நோய்க்கு இடமுண்டு. நெல்லின் பற்றீரிய இலைக்கருகலை யப்பானிய உழவர் 1884ஆம் ஆண்டளவிலேயே அறிந்திருந்தனர். 1960களில் ரீ.என். 1, ஐ.ஆர். 8 போன்ற குட்டைப் பேதங்கள் வெப்பமண்டல ஆசியாவெங்கும் பரப்பப்பட்டபோது இந்நோய் புதிய வேகம் பெற்றது. மிகுந்த நைதரசன் உரம், நெருங்கிய நடுகை, எதிர்ப்புத்திறன் குறைந்த பேதம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தமையே இதற்குக் காரணம். அதிக விளைச்சலுக்கென வகுக்கப்பட்ட அதே நிபந்தனைகள் நோயாக்கிக்கும் உகந்தனவாயின.

இதற்கு மாற்றாக 1969இல் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 20 என்ற பேதத்தின் எதிர்ப்புத்திறன், தமிழ்நாட்டில் உருவான ரி.கே.எம். 6 என்ற நெல்லிலிருந்து பெறப்பட்டது. அதிலடங்கிய பரம்பரை அலகு பின்னர் பல பேதங்களுக்கு மாற்றப்பட்டது. ஆனால் ஒரே அலகைப் பெருநிலப்பரப்பில் நம்பியிருந்ததன் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. பிலிப்பைன்சு போன்ற நாடுகளில் அதனை வெல்லும் பற்றீரியக் குலங்கள் சில ஆண்டுகளில் மேலோங்கின.

இதன் அடுத்த கட்டம் மேலும் சிந்திக்கத்தக்கது. ஆபிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து பெறப்பட்ட காட்டு நெல்லொன்று இந்நோயின் பல குலங்களையும் எதிர்ப்பது, 1970களின் பிற்பகுதியில் இந்தியாவின் கட்டாக் ஆய்வு நிலையத்தில் அறியப்பட்டது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆய்வு நிலையம் ஆண்டுகள் பல உழைத்து அத்திறனைப் பயிர் நெல்லுக்கு மாற்றியது. 1995இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் அதற்குரிய பரம்பரை அலகைப் பிரித்தெடுத்தனர். பல்கலைக்கழகம் அதற்குப் புலமைச் சொத்துரிமை கோரியது. மாலியில் உழவர் களையாகக் கருதிய புல்லொன்று, கண்டங்கள் மூன்றைக் கடந்து அமெரிக்க நிறுவனமொன்றின் உடைமையாயிற்று. மூலநாடுகளுக்கு ஒரு பங்கு செல்லவேண்டும் என்னும் எண்ணத்துடன் 1996இல் நிதியமொன்று அமைக்கப்பட்டது உண்மையே. ஆயின் நிறுவனங்கள் அவ்வலகைச் சந்தைப் பொருளாக்காமையால் எதிர்பார்த்த வருவாய் அந்நிதியத்துக்குக் கிட்டவில்லை.

ஒரு கொடியின் பயணம்

இனிக் கிவிப்பழத்தின் வரலாற்றுக்கு வருவோம். இக்கொடியின் தாயகம் சீனா. அங்கு மலைக்காடுகளிற் பல இனங்களாகவும் எண்ணற்ற பேதங்களாகவும் அது வளர்கிறது. நியூசிலாந்தின் வங்கனூயி நகரப் பெண்கள் கல்லூரித் தலைவியாயிருந்த இசபெல் பிரேசர், சீனாவின் யீச்சாங் பகுதியில் சமயப்பணி புரிந்த தம் சகோதரியைக் காணச் சென்று, 1904இல் திரும்புகையில் அதன் விதைகளைக் கொண்டுவந்தார். அவ்விதைகளிலிருந்து அலெக்சாந்தர் அலிசன் என்பார் வளர்த்த கொடிகள் 1910இற் காய்த்தன. பின்னர் நியூசிலாந்திலும் அங்கிருந்து பிற நாடுகளிலும் பரவிய பயிர்களின் மூலம் இரு பெண் கொடிகளும் ஓர் ஆண் கொடியுமே எனத் தாவரவியலாளர் கருதுவர். ஒரு பெருங்காட்டின் பல்வகைமை ஒரு கைப்பிடி விதையாகச் சுருங்கிற்று.

1920களில் ஓக்லாந்துக்கு அண்மையில் ஹேவார்ட் றைற் என்னும் நாற்றுமேடையாளர் தெரிந்தெடுத்த பேதம் பெரிய பழத்தையும் நீண்டநாட் கெடாத்தன்மையையும் உடையது. அவர் பெயராலேயே வழங்கும் அப்பேதம், கப்பலேற்றுமதிக்கு ஏற்றதென்ற ஒரே காரணத்தால் ஏனையவற்றை ஒதுக்கியது. 1952இல் இங்கிலாந்துக்கு முதல் ஏற்றுமதி நடந்தது. சீன நெல்லி என வழங்கிய பழம், 1959இல் அமெரிக்கச் சந்தையை முன்னிட்டு நியூசிலாந்தின் தேசியப் பறவையின் பெயரைச் சூடிக்கொண்டது. 1970களின் நடுப்பகுதியில் ஹேவார்டே ஏற்றுமதிக்குரிய ஒரே பேதமாயிற்று. ஒட்டுமூலம் பெருக்கப்படுவதால் உலகெங்கும் உள்ள ஹேவார்ட் கொடிகள் யாவும் பரம்பரை இயல்பில் ஒரே கொடியே எனலாம்.

1988இல் ஏற்றுமதி ஒரு சபையின் கீழ்க் கொணரப்பட்டது. அதன் வழிவந்ததே உற்பத்தியாளருக்குச் சொந்தமான செஸ்பிரி நிறுவனம். சிறு உற்பத்தியாளர் தம்முள் போட்டியிட்டு விலையை வீழ்த்தாதவாறு காத்தமை இவ்வமைப்பின் சிறப்பு. இதே நிறுவனம் பொன்னிறச் சதையுடைய புதிய பேதமொன்றை உலகச் சந்தைக்குக் கொணர்ந்தது. சீனாவிலிருந்து 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் பெற்ற விதைகளின் வழியாக அரசாய்வு நிலையம் உருவாக்கிய அப்பேதத்தின் பெயர் ஹோர்ட் 16ஏ. பச்சைப் பழத்தினும் உயர்ந்த விலை பெற்றமையால் கடன்பட்டும் பலர் அதனை நட்டனர்.

சொறிநோயின் வரவு

கிவிப்பழத்தின் பற்றீரியச் சொறிநோய் 1984இல் யப்பானின் சிசுவோக்கா மாகாணத்தில் முதலில் விவரிக்கப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில் சீனாவின் ஹுனான் மாகாணத்திலும், சற்றுப் பின்னர் கொரியாவிலும் அது காணப்பட்டது. 1989இல் யப்பானிய ஆய்வாளர் நோயாக்கிக்குத் தனிப்பெயர் சூட்டினர். 1992இல் இத்தாலியின் லாற்சியோ பகுதியிலும் அது தென்பட்டது; ஆயினும் பெருந்தீங்கு விளைவிக்காமையால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. 2008இல் அதே பகுதியிலுள்ள லத்தீனா மாவட்டத்தில் எழுந்த நோயோ முன்னையதைப் போன்றதன்று. பொன்னிறப் பேதங்களின் தோட்டங்களை முழுமையாக வீழ்த்தியது. 2010 நவம்பர் மாதத் தொடக்கத்தில் நியூசிலாந்தின் கிவித் தலைநகர் எனப்படும் தெ புக்கே ஊரிலும் அது கண்டறியப்பட்டது. ஏறத்தாழ அக்காலத்திலேயே சிலி நாட்டிலும் வெளிப்பட்டது.

இந்நோயின் இயல்பை அறிந்தாலன்றி அதன் வேகத்தை விளங்கிக்கொள்ளல் இயலாது. பற்றீரியா இலைவாய்கள், கத்தரித்த காயங்கள், பனியால் ஏற்பட்ட வெடிப்புகள் ஆகியவற்றின் வழியே கொடியுட் புகுகிறது. உட்புகுந்தபின், ஊசி போன்ற நுண்ணமைப்பொன்றின் மூலம் தாவரக் கலத்துட் சில புரதங்களைச் செலுத்தி அதன் தற்காப்பை முடக்குகிறது. குளிரும் ஈரமும் நிலவும் இளவேனிற் பருவம் அதற்கு உகந்தது. இலைகளில் மஞ்சள் வளையம் சூழ்ந்த கரும்புள்ளிகள் தோன்றும். தண்டிலிருந்து வெண்ணிறமாகவும் பின்னர் துருவின் செந்நிறமாகவும் பாயம் வடியும். இறுதியிற் கிளைகளும் கொடியும் மடியும். மழையும் காற்றும் கத்தரிக்கோலும் அதனைப் பரப்புவன. மருந்தாற் குணப்படுத்தல் இயலாது. செப்புக் கரைசல்களும் ஸ்திரெப்தோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் பரவலைத் தணிக்க மட்டுமே உதவுவன. யப்பானில் இவ்விரண்டையும் எதிர்க்கும் பற்றீரியா முன்னரே தோன்றியிருந்தது. நியூசிலாந்திலும் 2010களின் நடுப்பகுதியிற் செப்பெதிர்ப்புப் பெற்ற வடிவங்கள் கண்டறியப்பட்டன.

2012, 2013ஆம் ஆண்டுகளிலும் பின்னரும் வெளிவந்த பரம்பரையலகு ஆய்வுகள் மேலுமொரு செய்தியைப் புலப்படுத்தின. இத்தாலி, நியூசிலாந்து, சிலி ஆகியவற்றைத் தாக்கிய பற்றீரியா மிக நெருங்கிய உறவுடையது; ஆயினும் ஒரு நாட்டிலிருந்து மற்றதற்குத் தொடராகச் சென்றதன்று. சீனாவில் வாழ்ந்த ஒரே கிளையிலிருந்து தனித்தனியே அவை வெளியேறியுள்ளன. தாயகத்திற் பல்வகைக் கொடிகளுடன் நெடுங்காலம் கூடிவாழ்ந்த நுண்ணங்கி, ஒரே கொடியின் கோடிக்கணக்கான பிரதிகள் நின்ற தோட்டங்களைச் சென்றடைந்தபோது கொள்ளைநோயாயிற்று. யப்பானிலும் கொரியாவிலும் முன்னர் இருந்தவை இதே இனத்தின் வேறு கிளைகளாகும்.

மகரந்தமும் அரசின் பொறுப்பும்

கிவிக்கொடியில் ஆணும் பெண்ணும் தனித்தனிக் கொடிகள். தேனீக்களின் உழைப்பு மட்டும் பெரிய பழங்களைத் தருதற்குப் போதாமையால், சேகரித்த மகரந்தத்தைப் பொறிகொண்டு தூவும் வழக்கம் வளர்ந்தது. இவ்வாறு மகரந்தமே சர்வதேசச் சந்தைப் பண்டமாயிற்று. நியூசிலாந்தின் விவசாய, வனவள அமைச்சு மகரந்த இறக்குமதிக்கு அனுமதி வழங்கியது. 2009இல் சீனாவின் சென்சி மாகாணத்திலிருந்து மகரந்தக்கூடுகள் அடங்கிய பொதியொன்று அந்நாட்டை அடைந்தது.

2012இல் லிங்கன் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்று, அடுத்துவரும் ஐந்தாண்டுகளில் நோயால் ஏற்படும் இழப்பை 310 முதல் 410 மில்லியன் நியூசிலாந்து டொலர் என மதிப்பிட்டது. அரசும் தொழிற்றுறையும் ஐம்பது மில்லியன் டொலரைச் சமபங்காக ஒதுக்கின. அது நோயை எதிர்கொள்ளவன்றி இழந்தோரின் இழப்பை ஈடுசெய்யப் போதியதன்று. 2014இல் உற்பத்தியாளர் அரசின் மீது வழக்குத் தொடுத்தனர். காலப்போக்கில் இருநூறுக்கு மேற்பட்டோர் அதில் இணைந்தனர். 2018இல் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. நோய் 2009ஆம் ஆண்டின் அப்பொதியுடன் வந்தது என்பதையும், உற்பத்தியாளர் பாற் கவனமாக நடந்துகொள்ளும் கடப்பாடு அமைச்சுக்கு உண்டு என்பதையும், அதிலிருந்து அது தவறியது என்பதையும் நீதிமன்றம் ஏற்றது. ஆயின் பழத்தைப் பொதிசெய்யும் நிறுவனத்துக்கு அக்கடப்பாடு நீளாது எனவும் கூறியது.

2020 ஏப்பிரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இத்தீர்ப்பை மாற்றியது. அரசுக்குச் சட்டம் வழங்கிய விலக்கு இதற்குப் பொருந்தும் எனவும், அத்தகைய கடப்பாட்டை விதித்தல் தகாது எனவும் அது கொண்டது. உச்ச நீதிமன்ற விசாரணைக்கு முன் 2021 பெப்ரவரியில் நாற்பது மில்லியன் டொலருக்கு வழக்கு இணக்கமாக முடிக்கப்பட்டது. கோரப்பட்ட இழப்பீட்டின் பத்திலொரு பங்களவே இத்தொகை.

அரசின் தரப்பிற் கூறத்தக்கதும் ஒன்றுண்டு. எல்லையிற் பணிபுரியும் அதிகாரி ஒவ்வொரு முடிவுக்கும் வரையற்ற பொறுப்பேற்க வேண்டுமாயின் எம்முடிவையும் எடுக்கத் தயங்குவார். இழப்பீடோ பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்தே செல்லும். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் இறக்குமதியால் வரும் இலாபம் தனியாரைச் சேரவும், தடுப்பின் அதிகாரம் முழுவதும் அரசிடம் இருக்கவும், தவறின் விளைவு மட்டும் இவ்விரண்டிலும் இல்லாத உற்பத்தியாளரைச் சேர்தல் எவ்வகை நீதி என்ற வினா எஞ்சி நிற்கிறது. அதனினும் ஆழ்ந்த வினா ஒன்றுண்டு. இத்தோட்டங்களிற் கத்தரித்தும் பறித்தும் பொதிசெய்தும் உழைத்தோர் இவ்வழக்கின் எப்பக்கத்திலும் இல்லை. 2007இல் ஏற்பட்ட பருவகாலத் தொழிலாளர் திட்டத்தின்கீழ் பசிபிக் தீவுகளிலிருந்து வருவோரும் அவருள் அடங்குவர். பொதிசெய்யும் நிறுவனத்துக்கே நீளாத கடப்பாடு, அதன் கூலியாளைச் சென்றடையும் எனக் கருத இடமில்லை. சொத்தின் இழப்பையே சட்டம் இழப்பாகக் காண்கிறது. வேலையின் இழப்பு அதன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

மீட்சியும் அதன் விலையும்

நியூசிலாந்தின் கிவித் தொழில் அழியவில்லை என்பதையும் கூறவேண்டும். 2010இலேயே வெளியிடப்பட்டிருந்த கோல்ட் 3 என்னும் மற்றொரு பொன்னிறப் பேதம் இந்நோயை ஓரளவு தாங்கி நின்றது. உற்பத்தியாளர் தம் ஹோர்ட் 16ஏ கொடிகளை வெட்டி, எஞ்சிய அடிமரங்களில் புதிய பேதத்தை ஒட்டினர். தொழிற்றுறையினர் தாமே அமைத்த நோய்காப்பு நிறுவனம் கருவிகளின் தூய்மை, நடுகைப் பொருளின் நடமாட்டம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியது. 2013இல் அதற்குத் தேசியத் திட்டமொன்றின் சட்டவலுவும் கிடைத்தது. சிறு உற்பத்தியாளர் தனித்து நின்றிருந்தால் இம்மீட்சி இத்துணை விரைவில் நிகழ்ந்திராது. கூட்டு அமைப்பின் வலிமைக்கு இது சான்று. 2020களின் தொடக்கத்தில் பொன்னிறப் பழம் ஏற்றுமதியிற் பச்சைப் பழத்தை விஞ்சியது.

ஆனால் மீட்சியின் வடிவம் நோயின் பாடத்தை உள்வாங்கியதா என்பது ஐயமே. கோல்ட் 3உம் ஒரே கொடியின் பிரதியே. அது நோயைத் தாங்குவதன்றி வெல்வதன்று. அன்றியும் அது தாவரப்பேத உரிமையால் வேலியிடப்பட்டது. அதனை நடுவதற்குரிய அனுமதிப்பத்திரத்தின் விலை 2020களின் தொடக்கத்தில் ஹெக்டேயர் ஒன்றுக்கு ஐந்து இலட்சம் டொலரைக் கடந்தது. தொடக்கத்தில் நோயுற்றோர்க்கு வாழ்வளித்த பேதம், பின்னர் முதலுடையோர் மட்டும் நுழையத்தக்க வாயிலாயிற்று. மறுபுறம், சீனாவில் ஆயிரக்கணக்கான ஹெக்டேயரில் இப்பேதம் அனுமதியின்றி நடப்பட்டுள்ளது என நிறுவனம் முறையிட்டு வருகிறது. சீனாவிலிருந்து வந்த விதைகளின் வழித்தோன்றல், இன்று சீன உழவன் திருடியதாகக் கூறப்படும் உடைமையாகியுள்ளது. சட்டத்தின் நோக்கில் இரண்டும் வேறானவை. வரலாற்றின் நோக்கில் அவற்றைப் பிரித்துக் காண்பது எளிதன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து சில முடிவுகள் பெறப்படும். பற்றீரிய நோய்கள் முதலாளித்துவத்தால் உண்டாக்கப்பட்டவை என்று கூறுவது அறிவியலுக்கு ஒவ்வாது. அவை அதற்கு முன்னரும் இருந்தன. எவ்வுற்பத்தி முறையிலும் இருக்கும். யப்பானிய உழவரின் வயலிலும் சீனக் காட்டிலும் அவை வாழ்ந்தே வந்தன. சந்தைக்குரிய ஒரே தன்மை, நடுகைப் பொருளின் தங்குதடையற்ற வணிகம், இழப்பைக் கீழ்நோக்கித் தள்ளும் சட்ட அமைப்பு ஆகிய மூன்றும் கூடும்போதே அவை சமூகப் பேரழிவாகின்றன. பேரியிலிருந்து கிவிவரை நூற்றுமுப்பது ஆண்டுகளாக இம்மூன்றும் வெவ்வேறு அளவிற் கூடிவந்தமையை நாம் கண்டோம்.

எதிர்ப்புத்திறன் எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்கும் இவ்வரலாறு விடை தருகிறது. அது மாலியின் களையிலிருந்தும், தமிழ்நாட்டின் பழைய நெல்லிலிருந்தும், சீன மலைக்கொடியிலிருந்தும் வந்தது. உழவரும் காடுகளும் காத்துவைத்த பல்வகைமையே உலக வேளாண்மையின் இறுதி அரண். அவ்வரண் இயற்கையின் இலவசக் கொடை எனக் கருதப்பட்டு, அதிலிருந்து எடுத்தது மட்டும் உடைமையாகப் பதியப்படும் வரை, காப்போர்க்கு அதனைக் காக்கும் வசதியும் இராது, ஊக்கமும் இராது. கோப்பியின் வீழ்ச்சியைக் கண்டபின்னும், தேயிலையையும் இறப்பரையும் பெருநிலங்களில் தனிப்பயிராகவே நட்ட நம் நாட்டில், ஒட்டுமரங்களும் ஒரேவகைப் பேதங்களும் மேலும் பெருகிவரும் இக்காலத்தில், இவ்வரலாறு ஆய்வாளரின் கவனத்துக்கு மட்டுமன்றி விவசாயக் கொள்கை வகுப்போரின் கவனத்துக்கும் உரியதாகும்.